இரண்டாவது காயம் யார் குற்றம்?

2025 நவம்பர் 2-ந் தேதி இரவு. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் தென் ஆப்பிரிக்காவைத் தோற்கடித்து இந்தியப் பெண்கள் அணி உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. ஆட்டமும் பாட்டமுமாகக் கொண்டாடிய அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு சக்கர நாற்காலியும் வந்து சேர்ந்தது. அதில் அமர்ந்திருந்தவர் பிரதிகா ராவல். ரயில்வேயில் பணிபுரியும் பெண். அந்தத் தொடரில் 308 ரன்கள் குவித்தவர். நியூசிலாந்துக்கு எதிராக 122 ரன் எடுத்து அணியை அரை இறுதியில் சேர்த்தவர். அதற்கு மூன்றாம் நாள், மழை குறுக்கிட்ட வங்காளதேச ஆட்டத்தில் பந்தைத் தடுக்க ஓடியபோது கால் மடங்கி விழுந்தார். அரை இறுதியும் இல்லை, இறுதி ஆட்டமும் இல்லை.

இதை விதி என்று சொல்லலாம். ஓடுகிறவன் விழத்தான் செய்வான். முதல் காயம் யாருக்கும், எப்போதும் வரலாம். ஆனால் அதே காலில், அதே முழங்காலில், அதே முதுகில் இரண்டாவது முறையாகக் காயம் வந்தால்? அதையும் விதியின் தலையில் கட்டிவிடலாமா? பெரும்பாலான நேரங்களில் அது மனிதர்கள் செய்த காரியம். யாரோ ஒருவர் அவசரப்பட்டிருப்பார், அல்லது யாரோ ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லாமல் இருந்திருப்பார்.

பும்ராவின் முதுகு

பெயர் பெற்றவர்களிடமிருந்தே தொடங்குவோம். வேகப்பந்து வீச்சாளர் பும்ரா. பந்தை விடும் நொடியில் முன்காலைத் தரையில் ஊன்றும்போது, உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் அந்தக் காலில் இறங்கி, இடுப்பு வழியாக முதுகெலும்பைத் தாக்குகிறது. அதே சமயம் முதுகு வளைந்து முறுக்கிக் கொள்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் எலும்பில் மயிரிழை போல விரிசல் விடும். பும்ராவுக்கு 2019-ல் அந்த விரிசல் வந்தது. ஓய்வெடுத்துத் திரும்பினார்.

2022-ல் மறுபடியும் முதுகு வலி. ஆசியக் கோப்பையில் ஆடவில்லை. ஆனால் அக்டோபரில் உலகக் கோப்பை வருகிறதே! செப்டம்பர் 23-ந் தேதி நாகபுரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இறக்கப்பட்டார். 25-ந் தேதி ஐதராபாத்தில் இன்னொரு ஆட்டம். அவ்வளவுதான், இரண்டே ஆட்டம். உலகக் கோப்பையும் போயிற்று. 2023 மார்ச்சில் நியூசிலாந்து சென்று ஆப்பரேஷன் செய்து கொள்ள வேண்டியதாயிற்று.

ஆப்பரேஷனுக்குப் பிறகு யாரும் அவசரப்படவில்லை. ஐந்து மாதங்கள் கழித்து ஆகஸ்டில், அயர்லாந்து மண்ணில் திரும்பி வந்தார். முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட். 2024 டி-20 உலகக் கோப்பையில் 15 விக்கெட் எடுத்து தொடரின் சிறந்த வீரர் ஆனார். அவசரம் பறித்ததைப் பொறுமை திருப்பிக் கொடுத்தது.

பாடம் படித்து முடிந்ததா என்றால், அதுதான் இல்லை. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் ஐந்து டெஸ்டுகளில் 151 ஓவருக்கு மேல் அவரிடம் பந்து கொடுக்கப்பட்டது. 32 விக்கெட் எடுத்தார். கடைசி டெஸ்டில், சிட்னியில் முதுகு பிடித்துக் கொண்டது. சாம்பியன்ஸ் கோப்பைக்கு அவர் இல்லை. அதன் பிறகுதான் 2025 இங்கிலாந்துத் தொடரில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். அவர் ஆடாத இரண்டு டெஸ்டுகளிலும் இந்தியா வென்றது. "அவர் இல்லாமலேயே ஜெயிக்கிறோமே" என்று டீக்கடைகளில் கேலி பேசியவர்கள் உண்டு. கேலி செய்தவர்களில் ஒருவராவது தொடர்ந்து 20 ஓவர் வேகமாகப் பந்து வீசிப் பார்த்தவரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதையையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானவர். 2021 தொடக்கத்தில் முழங்காலும் தோளும் தொல்லை கொடுக்க, பெங்களூர் கிரிக்கெட் அகாடமிக்கு அனுப்பப்பட்டார். மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிராக மீண்டும் இறங்கினார். ஏப்ரல் இறுதியில் முழங்கால் ஆப்பரேஷன். 2024 ஐ.பி.எல். போட்டியில் 19 விக்கெட் எடுக்கும் அளவுக்கு எழுந்து நின்றார் என்பது மகிழ்ச்சி. ஆனால் அந்த ஆப்பரேஷனுக்குப் பிறகு இந்தியத் தொப்பி அவரைத் தேடி வரவில்லை.

தடுத்த கை

மறுபக்கமும் ஒன்று உண்டு. நீரஜ் சோப்ரா. ஈட்டி எறியும் கையின் முழங்கையில் 2019 மே மாதம் மும்பையில் ஆப்பரேஷன். அந்த ஆண்டு உலகத் தடகளப் போட்டிக்குப் போகவில்லை. அக்டோபரில் ராஞ்சியில் நடந்த தேசியப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். இளம் வயது, கை பரபரக்கத்தானே செய்யும்! தடகளச் சம்மேளனம் கடைசி நேரத்தில் தடுத்துவிட்டது. இன்னும் மூன்று மாதம் சிகிச்சையும் பயிற்சியும். 2020 ஜனவரியில் தென் ஆப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தகுதி பெற்றார். 2021 ஆகஸ்ட் 7-ந் தேதி டோக்கியோவில் 87.58 மீட்டர். தங்கம்.

அந்தத் தங்கத்தில் ஆப்பரேஷன் செய்த டாக்டருக்குப் பங்கு உண்டு. பயிற்சியாளருக்குப் பங்கு உண்டு. "இப்போது வேண்டாம், தம்பி" என்று தடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டும் அப்படியே. 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் பெயர்ந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டவர், 2018-ல் காமன்வெல்த் தங்கமும், ஆசிய விளையாட்டில் தங்கமும் வாங்கினார். ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய முதல் இந்திய மல்யுத்தப் பெண் அவர்தான். முழங்கால் காயத்தோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விமான நிலையத்துக்கு அருகே ஒன்று, நம் தெருவில் ஒன்று

இந்தியாவில் விளையாட்டுக் காயத்துக்கு மறுவாழ்வு கொடுக்கும் தலைநகரம் எது என்று கேட்டால், பெங்களூர் என்று தயங்காமல் சொல்லலாம். 2024 செப்டம்பரில் விமான நிலையத்துக்கு அருகே 40 ஏக்கரில் கிரிக்கெட் வாரியத்தின் புதிய மையம் திறக்கப்பட்டது. காயம்பட்ட கிரிக்கெட் வீரர் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் இங்கேதான் வருகிறார். மைசூர் ரோட்டில் மத்திய அரசின் விளையாட்டு ஆணைய மையம். ஹாக்கி அணிகள் அங்கேதான் முகாமிடுகின்றன. மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், எடைப் பயிற்சிக்கு ஓர் ஆள், சாப்பாட்டுக்கு ஓர் ஆள் என்று எல்லாம் உண்டு.

இதே ஊரில்தான் நம் கௌதமபுரமும் இருக்கிறது. அல்சூரை ஒட்டிய அந்தத் தமிழர் பகுதியில் கால்பந்து மன்னன் பீலேவுக்குச் சிலை இருப்பதை அறியாதவர் குறைவு. ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் பையன்கள் வெறுங்காலோடு பந்து உதைத்துப் பழகி மாநில அணி வரை போனதை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியில் பெங்களூரைச் சேர்ந்த அருமைநாயகம் இருந்தார்.

அந்தப் பகுதிகளில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலை பந்து உருளாத மைதானம் இல்லை. ஆனால் ஒரு பையன் முழங்காலைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? தண்ணீர் ஊற்றுவார்கள். ஸ்பிரே இருந்தால் அடிப்பார்கள். "எழுந்து நடடா, சரியாப் போயிடும்" என்பார்கள். வீட்டுக்குப் போனால் அம்மா சூடாக எண்ணெய் காய்ச்சி நீவி விடுவார். மறுநாள் வீங்கியிருந்தால் சுளுக்கு வழிப்பவரிடமோ, புத்தூர்க் கட்டு போடுபவரிடமோ போவார்கள்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் புதிதாகப் பட்ட காயத்தில் முதல் இரண்டு நாள் உள்ளே ரத்தம் கசிந்து கொண்டிருக்கும். அப்போது சூடு வைத்தாலும், அழுத்தித் தேய்த்தாலும் கசிவு கூடும், வீக்கமும் கூடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்து, நீள்துணியால் இறுக்கமில்லாமல் கட்டி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, ஆட்டம் ஆடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. விழுந்த நொடியில் "டப்" என்று சத்தம் கேட்டிருந்தாலோ, சில மணி நேரத்துக்குள் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கினாலோ, அது வெறும் சுளுக்கு அல்ல. உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கலாம். டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஜயநகரில் எலும்பு முறிவுக்கென்றே கர்நாடக அரசின் சஞ்சய் காந்தி நிறுவனம் இருக்கிறது.

ஒரு பையனின் ஒன்பது மாதம்

எனக்குத் தெரிந்த ஒரு பையன். பெயரும் தெருவும் வேண்டாம். வயது 22. நல்ல ஆட்டக்காரன். ஒரு போட்டியில் திரும்பி ஓடும்போது முழங்கால் முறுக்கிக் கொண்டது. இரண்டு மாதம் சுளுக்கு என்றே நினைத்திருந்தார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தால் நடு ஜவ்வு அறுந்திருக்கிறது. கடன் வாங்கி ஆப்பரேஷன் செய்தார்கள். பிசியோதெரபிக்கு ஆறு தடவை போனான். ஒவ்வொரு தடவையும் பணம், ஒரு நாள் வேலை இழப்பு. "காலை மடக்க முடியுது, நீட்ட முடியுது, அப்புறம் எதுக்குண்ணா?" என்று நிறுத்திவிட்டான்.

ஐந்தாம் மாதம் கிளப்பில் கூப்பிட்டார்கள். "ஓடுறான்ல, பிறகென்ன?" என்றார் அங்கிருந்தவர். அவனும், "வலியே இல்லண்ணா" என்றான். இறங்கினான். அரை மணி நேரத்தில் அதே முழங்கால்.

வலி இல்லை என்பதுதான் இங்கே ஏமாற்று. ஜவ்வு அறுந்தால் தொடையிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ ஒரு நாரை எடுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டிய நார் உடனே ஜவ்வாகிவிடாது. முதலில் அது நலிந்து, பிறகு ரத்த ஓட்டம் பிடித்து, மெல்ல மெல்ல ஜவ்வாக மாறுகிறது. இதற்கு ஒரு வருடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். இடையிலே சில வாரம் அது ஒட்டிய நாளை விடப் பலவீனமாக இருக்கும். அந்தக் காலத்தில் வலி குறைந்து கொண்டே வரும்! கூடவே, படுத்திருந்த காலின் தொடைத் தசை சூம்பிப் போயிருக்கும். காலை எங்கே வைக்கிறோம் என்று மூளைக்குச் செய்தி சொல்லும் உணர்வும் மங்கியிருக்கும். இந்த இரண்டையும் மீட்பதுதான் பிசியோதெரபி. மடக்கி நீட்டுவது அதில் முதல் படி மட்டுமே.

நார்வே நாட்டில் செய்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. இந்த ஆப்பரேஷனுக்குப் பிறகு, ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும் மறுபடி காயம் படுவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று கண்டார்கள். மாதக் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலால் நொண்டியடித்துத் தாண்டும் தூரம், நல்ல காலால் தாண்டும் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருக்க வேண்டும். தொடை பலமும் அப்படியே. இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், தூரத்தை அளக்க ஓர் அளவு நாடா போதும். அந்தப் பையனை யாரும் நொண்டியடிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

பையன்களுக்குப் புத்தியில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவன் ஏன் அவசரப்பட்டான்? விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அதுதான் காரணம்.

நான் ரயில்வே குமாஸ்தா. இந்த அறிவிப்புகளை மேசையில் பார்க்கிறவன். ரயில்வே அளவுக்கு விளையாட்டு வீரர்களுக்குச் சோறு போடும் நிர்வாகம் இந்த நாட்டில் வேறில்லை. 1928 முதல் ரயில்வேக்குத் தனி விளையாட்டு அமைப்பு இருக்கிறது. உலகக் கோப்பை வென்ற பெண்கள் அணியிலேயே பிரதிகா ராவல், ஸ்நேஹ் ராணா, ரேணுகா சிங் மூவரும் ரயில்வே. அதில் எங்களுக்குப் பெருமைதான்.

ஆனால் விதி என்ன சொல்கிறது? வயது 18-லிருந்து 25-க்குள். தளர்வு கிடையாது. சாதனைகள் நடப்பு நிதியாண்டிலும், முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலும் செய்ததாக இருக்க வேண்டும். அதன் பிறகு மைதானத்தில் தேர்வு. 40 மதிப்பெண்ணுக்கு 25 எடுத்தால்தான் அடுத்த கட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 வயதில் கால் ஒடிந்தவன் ஒன்பது மாதம் முறையாக உட்கார்ந்தால், அவன் சாதனைச் சான்றிதழில் ஒரு வருடம் காலாவதி ஆகிறது. வயதிலும் ஒன்று கழிகிறது. டாக்டர் சொல்வதைக் கேட்டவன் வரிசையில் பின்னால் போகிறான். கேட்காதவன் முன்னால் நிற்கிறான், முழங்கால் தாங்கும் வரையில்.

அரசு மருத்துவமனைச் சான்றிதழோடு காயத்துக்காக விலகியிருந்த காலத்தை இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிட்டால் என்ன? ஒரு வருடம் வயதுத் தளர்வு கொடுத்தால் என்ன? கஜானாவுக்கு ஒரு பைசா செலவில்லை. பொய்ச் சான்றிதழ் வரும் என்பார்கள். வரலாம். ஆப்பரேஷன் தழும்பைப் பொய்யாகப் போட முடியாது.

இருபது நிமிடம்

முதல் காயத்தையே குறைக்க முடியாதா என்றால், அதற்கும் வழி இருக்கிறது. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, நார்வே, அமெரிக்க நிபுணர்களோடு சேர்ந்து ஆட்டத்துக்கு முன் செய்யும் ஒரு பயிற்சி முறையை வகுத்தது. ஃபிஃபா 11 பிளஸ் என்று பெயர். மொத்தம் 20 நிமிடம். எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம். பத்து நிமிடம் வயிறு, தொடை பலத்துக்கும், ஒற்றைக் காலில் நிற்பதற்கும், குதித்து இறங்குவதற்கும். கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 பெண்களிடம் சோதித்து 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் கிட்டத்தட்ட பாதியாயின.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாயக்கூடாது, பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். அதைத்தான் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். குறிப்பாகப் பெண்களுக்கு இது முக்கியம். இதே ஆட்டத்தில் ஆண்களை விடப் பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு அறுவது இரண்டு மடங்குக்கும் மேல். நம் பகுதிகளில் பெண் பிள்ளைகள் இப்போதுதான் பந்து உதைக்க வருகிறார்கள். முதல் வருடத்திலேயே முழங்கால் போனால், வீட்டில் இரண்டாம் முறை அனுப்புவார்களா?

ஓட்டக்காரர்களையும் கபடி ஆடுபவர்களையும் வாட்டுவது பின்தொடைப் பிடிப்பு. அதற்கும் ஒரு பயிற்சி உண்டு. மண்டியிட்டு நிற்க வேண்டும். பின்னால் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக் கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக, மிக மெதுவாக முன்னால் சாய வேண்டும். விழப் போகும்போது கையை ஊன்றிக் கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதைச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழ பாதி குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. முதல் வாரம் தொடை நன்றாக வலிக்கும். அதனாலேயே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

நம் மைதானங்களில் இப்போது நடப்பது என்ன? இரண்டு ரவுண்டு ஓட்டம், நாலு தடவை கை வீச்சு, குனிந்து கால் பெருவிரலைத் தொடுதல். மூன்று நிமிடத்தில் விசில். "டைம் இல்லை சார், எட்டு மணிக்கு அடுத்த டீம் வந்துடும்" என்றார் பயிற்சி கொடுக்கும் ஒரு நண்பர். உண்மைதான். மைதானம் ஒன்று, டீம்கள் ஆறு. அந்த இருபது நிமிடத்தை மைதானத்துக்கு வெளியே, தெரு ஓரத்திலாவது செய்யலாமே என்றேன். யோசிப்பதாகச் சொன்னார்.

ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக் கழகத்தின் கீழ் இந்த ஊரில் பிசியோதெரபி கல்லூரிகள் ஏராளம். படிப்பு முடிந்ததும் மாணவர்கள் கட்டாயமாக மாதக் கணக்கில் பயிற்சிப் பணி செய்ய வேண்டும். அவர்களில் இரண்டிரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு மைதானத்துக்கும் அனுப்பினால், அவர்களுக்கும் கை பழகும், பையன்களின் காலும் பிழைக்கும். 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இந்தத் தொழிலுக்குத் தனி அந்தஸ்து கொடுத்திருக்கிறது. மைதானத்துக்கு அந்த அந்தஸ்து இன்னும் வந்து சேரவில்லை.

2030 காமன்வெல்த் விளையாட்டு ஆமதாபாத்தில் நடக்கும் என்று 2025 நவம்பர் 26-ந் தேதி கிளாஸ்கோவில் முடிவாயிற்று. அங்கே ஓடப் போகிறவர்களில் பலர் இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். ஸ்டேடியம் கட்ட டெண்டர் விடுவார்கள். எந்த ஊர் மைதானத்தில் எந்தப் பிள்ளையின் முழங்கால் இந்த ஞாயிற்றுக்கிழமை முறுக்கிக் கொள்ளும் என்பதற்கு டெண்டர் கிடையாது.

நான் சொன்ன அந்தப் பையனைப் போன வாரம் பார்த்தேன். இரண்டாவது ஆப்பரேஷன் முடிந்து நாலு மாதம் ஆகிறது. இம்முறை பிசியோதெரபியை விடவில்லை. வீட்டு மாடிப்படியில் தினமும் ஒற்றைக் காலில் ஏறி இறங்கிப் பழகுகிறானாம். தொடையைத் தொட்டுக் காட்டினான், ஒன்று பருமன், ஒன்று மெலிவு. சிறிது நேரம் பேசிக் கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, அடுத்த ஸ்போர்ட்ஸ் கோட்டா நோட்டீஸ் எப்ப வருது? எனக்கு இருபத்தஞ்சு முடியறதுக்குள்ள வந்துடுமா?"